எண்பது கிளைக்கு ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வழி கண்டுபிடிக்கும் ஒரு ரூட்டிங் முறை) சரிப்படுமா?

ஈரோட்டுப் பாலம்: தனியார் பால் கம்பெனி நெட்வொர்க். ஹப் (எல்லா லைனும் வந்து சேரும் இடம்) ஈரோட்டில்; கோபி, அந்தியூர், வெள்ளகோவில், தாராபுரம் என்று எண்பது சொச்சம் சேகரிப்பு மையங்கள். எல்லாம் பழைய 2 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன், பழைய சிஸ்கோ ரவுட்டர்கள். மொத்தமும் ஓஎஸ்பிஎஃப் ஏரியா 0, அதாவது ஒரே குழு. அந்தியூர் லைன் விட்டுவிட்டு வந்தால் தாராபுரம் ரவுட்டரும் எஸ்பிஎஃப் (குறுகிய வழி தேடும்) கணக்குப் போடுகிறது. எதற்கு மாறலாங்க?

மஞ்சள்மண்டி: மையத்திலிருந்து வெளியே போக ஒரே வழி. ஸ்டாட்டிக் டீஃபால்ட் (எல்லாவற்றையும் ஹப்புக்கே அனுப்பு என்று கையால் எழுதும் ரூட்) போட்டால் முடிந்தது.

காளிங்கராயன்: 4ஜி பேக்கப் வைத்தால் அது எடுபடாதுங்ணா. லைன் நடுவில் அறுந்தாலும் மீடியா கன்வர்ட்டரில் நம் பக்கத்து லைட் பச்சையாகவே எரியும், இன்டர்ஃபேஸ் அப்பிலேயே இருக்கும். ஸ்டாட்டிக் ரூட் அசையாது. பாக்கெட் எல்லாம் கிணற்றில் போட்ட கல். பால் ஊற்றியவர் ரசீதுக்கு நிற்பார். சிஸ்கோவின் ரூட்டிங் முறையான ஈஐஜிஆர்பிக்குப் போங்க. மையத்தில் ஸ்டப் (என் வழியாக வேறெங்கும் போக முடியாது) என்று ஒரு வரி, ஹப்பிலிருந்து டீஃபால்ட் ரூட் மட்டும். ரூட் தொலைந்தாலும் ஹப் ஸ்டப் ரவுட்டர்களிடம் குவெரி (வேறு வழி உண்டா என்ற கேள்வி) கேட்காது. அந்தியூர் விழுந்தது தாராபுரத்துக்கு எதற்குத் தெரியணும்?

மஞ்சள்மண்டி: லைன் உயிரோடு இருக்கிறதா என்று பிங் வைத்து டிராக் பண்ணினால் ஸ்டாட்டிக்கும் மாறுமே.

காளிங்கராயன்: மையத்தில் சரி. ஹப்பில் எண்பது ரூட், எண்பது டிராக். எழுதினவர் வேலையை விட்டுப் போனால் யார் படிப்பது?

பவானிக்கரை: எல்லாவற்றையும் ஏரியா 0-வில் கொட்டிவிட்டு ஓஎஸ்பிஎஃப்பைத் திட்டுவானேன்? ஹப்பை ஏபிஆர் (ஏரியாக்களை இணைக்கும் எல்லை ரவுட்டர்) ஆக்கி, மையங்களை டோட்டலி ஸ்டப்பி ஏரியாவில் (வெளி ரூட்டுகளுக்குப் பதில் டீஃபால்ட் மட்டும் வரும் ஏரியா) போடுங்க.

காளிங்கராயன்: வெளி ரூட் வராது, ஒத்துக்கொள்கிறேன். அதே ஏரியாவில் இருக்கும் மற்ற மையங்களின் எல்எஸ்ஏ (லைன் நிலவர அறிவிப்பு)? ஏரியாவுக்குள் எல்லாரிடமும் ஒரே டேட்டாபேஸ் இருந்தாகணும். அதை வடிகட்ட முடியாது.

பவானிக்கரை: பத்துப் பத்தாக ஏரியா பிரித்தால் போச்சு. ஈஐஜிஆர்பி 2016-ல் ஆர்எஃப்சி 7868 என்ற பொது ஆவணமாக வெளிவந்தும் மற்ற பிராண்டுகளில் தேடித்தான் பிடிக்கணும். நாளைக்குக் கொட்டேஷன் வாங்கும்போது எப்படிப் பேரம் பேசுவீங்க?

நொய்யல்: அப்ப பிஜிபி என்ற ரூட்டிங் முறை. பிராண்டுக் கவலை இல்லை. ஹப் டீஃபால்ட் மட்டும் அனுப்பும், மையம் தன் சப்நெட்டை (தன் ஐபி முகவரித் தொகுதியை) மட்டும் சொல்லும். ஆனால் சிஸ்கோவில் ஹோல்ட் டைம் (எதிர்முனை பேசாவிட்டால் காத்திருக்கும் நேரம்) 180 விநாடி. டைமரைக் குறைக்காவிட்டால், இன்டர்ஃபேஸ் அப்பிலேயே இருக்கும்போது பேக்கப்புக்கு மாற மூணு நிமிஷம் ஆகும்.

ஈரோட்டுப் பாலம்: இந்த வருஷம் ரவுட்டர் மாற்றப் பட்ஜெட் இல்லீங்க. முதலில் வெள்ளகோவிலில் ஈஐஜிஆர்பி ஸ்டப் போடுகிறேன். அங்கே பின்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது, பரவாயில்லையா?

காளிங்கராயன்: அங்கேதான் மாட்டுவீங்க. பின்னால் இருப்பதிடம் கற்ற ரூட்டை ஸ்டப் ரவுட்டர் ஹப்புக்குச் சொல்லாது. அந்தச் சப்நெட்டை ஸ்டாட்டிக்காகப் போட்டு ஈஐஜிஆர்பிக்குள் ரீடிஸ்ட்ரிப்யூட் பண்ணுங்க (அதன் வழியாகச் சொல்ல வையுங்க), ஸ்டப் வரியில் ஸ்டாட்டிக்கையும் சேருங்க.