ஸ்னோமொபைல் ஹெட்லைட் பல்பு: எது வாங்குவது? (அவசரம்)

பனித்தடம்: வணக்கம். என் ஸ்னோமொபைலில் (பனியில் ஓட்டும் வண்டி) ஹெட்லைட் பல்பு இரண்டும் போய்விட்டன. எந்த பல்பு வாங்க வேண்டும்? கொஞ்சம் அதிக வாட் போட்டால் வெளிச்சம் கூடுமா? இல்லை எல்.இ.டி. போட்டுவிடலாமா? வார இறுதிக்குள் வண்டி வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

மலர்: எந்த கம்பெனி, எந்த மாடல், எந்த ஆண்டு? பழைய பல்பைக் கழற்றி, அடியில் உள்ள உலோக வளையத்தில் பொறித்திருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். பின்னால் எத்தனை முள் இருக்கிறது?

சுடர்: ஹெச்4-தான், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி பல்பு போய்விடும். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும்.

கந்தன்: விரலும் இல்லை ஒன்றும் இல்லை, அதிர்வுதான். குலுங்கிக் குலுங்கி உள்ளே இழை அறுந்திருக்கும்.

ஒளிமணி: இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது! உரிமையாளர் கையேட்டைத் திறந்தால் பல்பின் குறியீடு இருக்கும். வாட் தெரியாமல், வண்டியில் வருவது ஏ.சி.யா (மாறுதிசை மின்சாரம்) டி.சி.யா (நேர்திசை மின்சாரம்) என்று தெரியாமல் எல்.இ.டி. பற்றிக் கேட்பதில் என்ன பயன்? முதலில் அடிப்படையைப் படியுங்கள்.

மலர்: ஒளிமணி சார், அவர் அவசரத்தில் கேட்கிறார், விடுங்கள். சுடர், கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லாதீர்கள். ஹெச்4 என்றால் மூன்று முள், ஒரே பல்பில் ஹை பீம் 60, லோ பீம் 55 வாட். 9003 என்று எழுதியிருந்தாலும் அதற்குப் பதில் ஹெச்4 போடலாம். ஹெச்எஸ்1 பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் 35/35 வாட்தான். ஹெச்7-இல் ஒரே இழை, இரண்டு முள்.

பனித்தடம்: மூன்று முள். வளையத்தில் ஹெச்4, 60/55 என்று இருக்கிறது. பழைய வண்டி, பேட்டரி கிடையாது, கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட். இரண்டும் ஒரே நாளில் போயின.

மலர்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! இரண்டும் ஒன்றாகப் போனால் எனக்கு வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மேல்தான் சந்தேகம். வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே ஹாலஜன் பல்பின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். கண்ணாடி உள்பக்கம் கறுத்திருக்கிறதா? கைப்பிடி ஹீட்டர் வழக்கத்தைவிட அதிகமாகச் சுடுகிறதா?

மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து ஹோல்டரில் பாருங்கள். பேட்டரி இல்லாத வண்டியில் பெரும்பாலும் விளக்குக்கு ஏ.சி.தான் வரும். எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், ஆனால் டிராக் (வண்டியை நகர்த்தும் பட்டை) சுழலும் அளவுக்கு அழுத்தாதீர்கள். வேகம் ஏற ஏற வோல்டேஜும் 15-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், புது பல்பு மாட்டுவதே வீண்.

டி.சி.க்கு மட்டும் செய்த எல்.இ.டி. இதில் துடிக்கும், இல்லையென்றால் எரியவே எரியாது. அப்புறம், எல்.இ.டி.யின் முன்பக்கம் அவ்வளவாகச் சூடாகாது. ஹெட்லைட் கண்ணாடியில் பனி ஒட்டினால் உருகாமல் அப்படியே நிற்கும். 100/90 வாட் பக்கமே போகாதீர்கள், மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் தாங்காது, பிளாஸ்டிக் ஹோல்டரும் உருகும்.

சுடர்: மஞ்சள் பல்பு கிடைத்தால் அதையே போடுங்கள். பனி கொட்டும்போது வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசும்.

ஒளிமணி: தவறு. பனித்துகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்குவதுதான் மிச்சம். கூசினால் லோ பீமுக்கு மாற்றுங்கள்.

சுடர்: கணக்கு எனக்கு வேண்டாம் சார். ராத்திரியில் ஓட்டுகிறவன் நான். மஞ்சளில் என் கண் களைப்பதில்லை.

கந்தன்: நீலப் பூச்சு பல்பு அதைவிட மோசம். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வழி தெரியாது.

ஒளிமணி: அது சரி. ஆனால் கண் களைப்பது வேறு, தூரம் தெரிவது வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

பனித்தடம்: கண்ணாடி கறுத்துத்தான் இருந்தது, கைப்பிடியும் சுட்டது. மீட்டரில் 17-ஐத் தாண்டியது. ரெகுலேட்டர் மாற்றியதும் 14-க்குப் பக்கத்தில் நிற்கிறது. ஹெச்4 60/55 இரண்டு மாட்டிவிட்டேன், எரிகிறது. நன்றி மலர்.

சுடர்: மஞ்சளா வெள்ளையா?