பைண்டுக்குப் ‘பிணைப்பு’ வேண்டாம், ‘ஆளறிவிப்பு’ எப்படி?

வணக்கம்.

பயனர், கணினி விவரங்களை ஒரே இடத்தில் வைத்திருக்கும் டைரக்டரி சர்வரோடு செயலிகள் பேசும் நெறிமுறை எல்டாப் (LDAP). அதன் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் இழை மூன்று பக்கமாகப் பிரிந்துவிட்டதால் எல்லாவற்றுக்கும் ஒரே மடலில் பதில் எழுதுகிறேன். முக்கியமாக பைண்ட் (bind), அதாவது வந்திருப்பது யார் என்று செயலி சர்வருக்குச் சொல்லும் படி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். வியாசர்பாடியில் மாலை நேர லினக்ஸ் வகுப்பு எடுக்கிறேன். மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் மென்பொருளை ஓப்பன்எல்டாப் (OpenLDAP) என்ற டைரக்டரி சர்வரோடு சேர்த்து, மாணவர்கள் ஒரே கடவுச்சொல்லில் எல்லா இடத்துக்கும் போய்வரச் செய்வது பாடத்தில் ஒரு பகுதி. அதனால் இந்தச் சொற்களை நாற்பது காதுகளுக்கு நடுவே சொல்லிப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கிறது.

> டைரக்டரி சர்வருக்குப் ‘பேரேட்டு வழங்கி’ என்று வைக்கலாம். பெயர்களின் ஏடு, பொருத்தமாக இருக்கிறது.

பொருத்தம்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. மண்ணடியில் எந்த இரும்புக்கடைக் கணக்குப்பிள்ளையிடம் போய்ப் பேரேடு என்று கேட்டாலும் லெட்ஜரைத்தான் எடுத்து நீட்டுவார். கணக்குப்பதிவியல் பாடப்புத்தகத்திலும் அதே பொருள்தான். கோப்பகம் ஃபோல்டருக்குப் போய்விட்டது. திருவொற்றியூர் அக்கா சொன்ன ‘ஆளேடு’ அழகு, ஆனால் டைரக்டரியில் ஆட்கள் மட்டுமா இருக்கிறார்கள்? பிரின்டர், குழு, கணினி எல்லாம் பதிவாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் வேறு எதனோடும் மோதாத ஒரு முழுப் பெயர் உண்டு, 1988-இல் எக்ஸ்.500 என்ற டைரக்டரித் தரநிலை வந்த காலத்திலிருந்தே அமைப்பு அப்படித்தான். ஆகவே ‘பெயரகம்’ என்ற முன்மொழிவுக்கு என் ஓட்டு. அந்த முழுப் பெயருக்கு, அதாவது டிஎன் (distinguished name) என்பதற்கு, ‘தனிப்பெயர்’. இதில் பெரிய சண்டை வராது என்று நினைக்கிறேன்.

> பைண்ட் = பிணைப்பு. அகராதிப்படி சரி, சுருக்கமாகவும் இருக்கிறது.

எனக்குச் சண்டை இங்கேதான். ‘முதலில் இணைப்பு, அப்புறம் பிணைப்பு’ என்று வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது. மேலே ஃபேன் சத்தம் வேறு. சரி, ஒலியை விடுங்கள், பொருளே இடிக்கிறது.

நடப்பதைப் பாருங்கள். மூடுல், சர்வரின் 389 என்ற போர்ட்டைத் தட்டுகிறது. கதவு திறந்தாயிற்று, இணைப்பு வந்துவிட்டது. மறையாக்கம் வேண்டுமென்றால், இதே இணைப்பை மறையாக்கச் சொல்லும் ஸ்டார்ட்டிஎல்எஸ் கேட்டுக்கொள்ளலாம், அல்லது தொடக்கத்திலேயே மறையாக்கத்தோடு வரும் 636 என்ற போர்ட்டுக்குப் போகலாம். இரண்டும் இல்லாமல் சாதாரண பைண்ட் செய்தால் கடவுச்சொல் கம்பியில் அப்படியே போகும். இதுவரை வந்திருப்பது யார் என்று சர்வருக்குத் தெரியாது. இதற்குப் பிறகுதான் பைண்ட்: ‘நான் இன்னார், இதோ கடவுச்சொல்’. துறைமுகத்து ஜீரோ கேட் வரைக்கும் லாரி வந்து சேர்வது இணைப்பு. அங்கே நின்று பாஸை நீட்டுவது பைண்ட்.

மூடுல் இதை ஒரு தடவையோடு நிறுத்துவதுமில்லை. முதலில் தனக்கென்று வைத்திருக்கும் கணக்கின் பெயரில் ஒரு பைண்ட். அந்த அதிகாரத்தில், திரையில் மாணவர் தட்டிய பயனர்பெயரைத் தேடி அவருடைய தனிப்பெயரைக் கண்டுபிடிக்கிறது. பிறகு அந்தத் தனிப்பெயரையும் அவர் தட்டிய கடவுச்சொல்லையும் வைத்து இன்னொரு பைண்ட். இணைப்பு ஒன்றாகவே இருக்கலாம். அதில் ஆள் மட்டும் மாறுகிறார். எதையும் எதோடும் பிணைக்கவில்லை.

> அப்படியானால் நேரடியாகச் ‘சரிபார்ப்பு’ என்றே வைத்துவிடலாமே?

வைக்கலாம் என்றுதான் நானும் முதலில் சாய்ந்தேன். தடுப்பது ஒரு விஷயம்: பைண்ட் வெற்றி என்றால் ஆளைச் சரிபார்த்தாயிற்று என்று எப்போதும் பொருள் இல்லை. பெயரே சொல்லாமல் பைண்ட் செய்யலாம், அதுவும் வெற்றிதான். அதைவிட ஆபத்து, தனிப்பெயரைக் கொடுத்துவிட்டுக் கடவுச்சொல்லைக் காலியாக விடுவது. நெறிமுறைப்படி இது யாரென்று உறுதியாகாத பைண்ட். மறுத்துவிடுவதே சர்வருக்கு நல்லது, ஓப்பன்எல்டாப் இயல்பிலேயே மறுக்கும். ஆனால் அனுமதிக்கிற சர்வர்களும் உண்டு. அவை ‘வெற்றி’ என்று பதில் அனுப்பிவிட்டு, வந்தவரைப் பெயரற்றவராகவே வைத்துக்கொள்ளும். வெற்றி என்ற சொல்லை மட்டும் பார்த்த செயலி, கதவைத் திறந்துவிடும். நான் போய்ப் பார்த்த ஓர் அலுவலகத்தில் கடவுச்சொல் பெட்டியைக் காலியாக விட்டு என்டர் தட்டினால் மேனேஜர் கணக்கே திறந்தது. காலிக் கடவுச்சொல்லைச் செயலியே முன்னதாகத் தடுக்க வேண்டும் என்று எல்டாப் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 4513 என்ற ஆவணம் எச்சரிக்கிறது; அந்தச் செயலியை எழுதியவர் அதைப் படிக்கவில்லை. இந்த நிலையில் பைண்டுக்குச் ‘சரிபார்ப்பு’ என்று பெயரும் வைத்துவிட்டால், புதிதாக நிரல் எழுதும் பிள்ளை அதே குழியில்தான் விழும்.

பைண்டில் செயலியின் வேலை ஆள் யாரென்று சொல்வது மட்டும்தான். நம்புவதா இல்லையா என்பது சர்வரின் முடிவு. மணலி நண்பர் முன்வைத்த ‘தன்னறிவிப்பு’ அதற்கு மிக அருகில் வருகிறது. மூடுல் தன் கணக்கில் செய்யும் முதல் பைண்டுக்கு அது கச்சிதம். இரண்டாவது பைண்டில் மூடுல் தன்னைப் பற்றியா சொல்கிறது? மாணவருக்காக அல்லவா சொல்கிறது? ‘தன்’ அங்கே உதைக்கிறது. அதனால் ‘ஆளறிவிப்பு’ என்று வைப்போம். யாருக்காக யார் சொன்னாலும் பொருந்தும். அறிவிப்பு என்பது நோட்டிஃபிகேஷனுக்குப் போய்விட்டதே என்பீர்கள். உண்மைதான், ஆனால் முன்னால் ‘ஆள்’ நிற்பதால் குழப்பம் வராது. ‘ஆள்காட்டல்’ என்று சுருக்கலாம் என்று எழுதிய தம்பிக்கு: விரலும் பறவையும் சேர்ந்து நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்.

அன்பைண்டு (unbind) என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ‘பிணைப்பு’ வைத்தால் இதற்குப் ‘பிணைப்பு நீக்கம்’ என்று வைக்க வேண்டிவரும், அது தப்பு. அன்பைண்டு செய்தால் பழைய பைண்ட் கழன்று இணைப்பு மிஞ்சி நிற்காது, இணைப்பே மூடப்படும். 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4511 இதை ஒளிக்கவில்லை: பெயரைப் பார்த்து பைண்டின் எதிர்ச்செயல் என்று எண்ணாதீர்கள், இந்தப் பெயர்கள் பழைய வழக்கில் வந்தவை, வெளியேறுவதாகவே கொள்ளுங்கள் என்கிறது. ஆங்கிலத்தில் அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். நமக்கு என்ன கட்டாயம்? அன்பைண்டுக்கு ‘விடைபெறல்’.

மொழிபெயர்ப்புச் சரங்களில் கைவைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பைண்டை சர்வர் ஏற்காதபோது தரும் பிழை எண் 49 வந்தால் ‘கடவுச்சொல் தவறு’ என்று எழுதாதீர்கள். அப்படி ஒரு தனிப்பெயரே இல்லாவிட்டாலும் ஓப்பன்எல்டாப் அதே 49-ஐத்தான் தரும். எந்தப் பெயர் உண்டு, எது இல்லை என்று திருடனுக்குச் சொல்லக் கூடாது அல்லவா? ‘ஆளறிவிப்பு ஏற்கப்படவில்லை; பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் பாருங்கள்’ என்பது போதும்.

பெயரகத்தில் எந்த இடத்திலிருந்து தேட வேண்டும் என்று குறிக்கும் சர்ச் பேஸ் (search base) என்பதற்குத் ‘தேடல் வேர்’ என்று ஒருவர் போட்டிருந்தார். பெயரகத்தின் வேரிலிருந்துதான் தேட வேண்டும் என்பதில்லை, நடுக்கிளையிலிருந்தும் தேடலாம். ‘தேடல் தொடக்கம்’ என்று மாற்றி வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன் பிறகு கோப்பை ஏற்றிவிடுவேன்.