'மேட்சிங்' பாகம்: ஒரு சொல் போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு துப்பாக்கியின் பாகங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று உரியவையாக இருப்பதைப் பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிப்பவர்கள் வாய்க்கு வாய் 'மேட்சிங்' என்பார்கள், அதற்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: அசல் பாகம், இணைப்பாகம், ஒத்திசை பாகம். மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. இணைப்பாகம் என்றால் கூடுதலாகப் பூட்டிக்கொள்ளும் ஏதோ துணைக்கருவி என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஒத்திசைவை இயற்பியல்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். இதில் ரொம்ப ஆபத்தானது 'அசல்'தான், கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வேறு வேறான மூன்று நிலைகளை ஒரே பெயருக்குள் போட்டு மூடிவிடுகிறது.

மவுசர் 98கே-யை எடுத்துக்கொள்வோம், 1935-ல் ஜெர்மன் ராணுவம் ஏற்ற துப்பாக்கி. ரிசீவரில் (மற்ற பாகங்களைத் தாங்கும் உலோக உடல்) முழு வரிசை எண் இருக்கும், போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்புறத்தை அடைக்கும் தண்டு) கைப்பிடியில் அதே எண், சின்னச் சின்ன பாகங்களில் அதன் கடைசி இரண்டு இலக்கம், திருகாணித் தலைகளில்கூட. (போரின் கடைசிக் கட்டத்தில் வேலையைக் குறைக்க இதில் பலவற்றை விட்டுவிட்டார்கள், அதனால் அந்தக் காலத் துப்பாக்கியில் எண் இல்லாத பாகத்தைப் பார்த்ததும் சந்தேகப்படக் கூடாது.) ஆலையில் குத்திய எண்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றால் அதற்கு நான் சொல்லும் சொல் 'எண்ணொத்த'. எண்ணொத்த போல்ட், எண்ணொத்த துப்பாக்கி. சொன்னதும் புரிகிறது, பெயரடையாகவும் வளைகிறது, பெயராக வேண்டுமானால் எண்ணொப்பு.

சரி, இதே 98கே-யை சோவியத் படை கைப்பற்றியிருந்தால்? குவியலாகக் கிடந்தவற்றைக் கழற்றி, சுத்தம் செய்து, கைக்கு வந்த போல்ட்டைக் கைக்கு வந்த துப்பாக்கியில் பூட்டினார்கள். பழைய எண்ணின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் மின்பேனாவால் கீறிய புது எண். அவர்களுடைய சொந்தத் துப்பாக்கியான மோசின்-நாகன் 91/30-க்கும் போருக்குப் பிறகு இதே கதைதான், பல போல்ட்களில் பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருப்பார்கள். போல்ட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும், எண் இருக்கிற இடம் மட்டும் லேசாகப் பள்ளமாக, அரம் ஓடிய கீறலோடு இருக்கும், குழலின் மேலிருக்கும் இலக்கங்களின் வடிவமும் இதுவும் ஒட்டாது. எண் பொருந்துகிறது, ஆனால் ஆலையில் பொருந்தியதல்ல. இதை ஆங்கிலத்தில் சொல்லும் முறையைப் பார்த்து 'கட்டாயப் பொருத்தம்' என்று எழுதலாம் என்றார் ஒருவர். வேண்டாம் என்பேன். அதில் ஒரு குற்றச்சாட்டின் வாடை அடிக்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு குறிப்பிட்ட ரிசீவருக்கென்று இழைத்துப் பொருத்தப்பட்டது, தோட்டாவின் பின்புறத்துக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக. நான்காம் எண் மாதிரியில் போல்ட் தலை மட்டும் தனியாகக் கழலும், 0 முதல் 3 வரை அளவு குறித்து வரும். போல்ட் தேய்ந்து போனால் படையின் ஆயுதத் தொழிலாளி புதியதைப் பொருத்தி, அளந்து பார்த்து, அப்புறம்தான் அதில் ரிசீவரின் எண்ணைக் குத்துவார். இது முறையான பராமரிப்பு. நேற்று ஒரு வியாபாரி விலை ஏற்றுவதற்காகக் குத்திய எண்ணையும் இதையும் ஒரே சொல்லால் குறித்தால் அந்தத் தொழிலாளிக்குச் செய்யும் அநியாயம். ஆகவே படைப்பட்டறையில் மாற்றியதற்கு 'மறுவெண்', ஏமாற்றக் குத்தியதற்கு 'போலியெண்'. யார் செய்தது என்று தெரியாதபோது மறுவெண் என்றே எழுதி, பழைய எண்ணைக் கோடிட்டு அடித்திருக்கிறதா தேய்த்திருக்கிறதா என்பதைக் கூடவே குறித்துவிடலாம். மறு என்றால் கறை என்றும் பொருள் வருமே என்று ஒரு தடை எழுந்தது. மறுபதிப்பு என்கிறோம், யாரும் கறை படிந்த பதிப்பு என்று படிப்பதில்லை.

மூன்றாவது நிலைதான் எனக்கு முக்கியமானது, 'அசல்' முழுக்கத் தோற்பதும் அங்கேதான். அமெரிக்க ராணுவத்தின் எம்1 கேரண்ட் துப்பாக்கியில் வரிசை எண் ரிசீவரில் மட்டும்தான். மற்ற பாகங்களில் இருப்பது வரைபட எண், அதாவது அந்தப் பாகத்தைச் செய்யப் பயன்பட்ட வரைபடத்தின் எண், துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறாதது. போர்க்கால போல்ட்டில் டி28287 என்று இருக்கும், கூடவே அந்த வரைபடத்தின் திருத்த எண்ணும் ஆலையின் எழுத்தும். போருக்குப் பிந்தைய போல்ட்டில் அதே எண் 6528287 ஆகிவிடும். 1941-ல் செய்த ரிசீவரில் 6528287 போல்ட் இருந்தால் அது பிறகு பூட்டியது, அவ்வளவுதான். இங்கே எண்ணொப்பு என்ற கேள்விக்கே இடமில்லை. பாகம் அந்த ஆலைக்கும் அந்தக் காலத்துக்கும் உரியதா என்பது மட்டுமே கேள்வி. இதற்கு 'காலமொத்த' என்பது என் பரிந்துரை, எண்ணொத்த என்பதோடு ஜோடியாகவும் நிற்கிறது. ஆனால் காலமொத்த கேரண்ட் பல, பின்னாளில் யாரோ தேடிப்பிடித்துப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டியவை. போரில் சுட்டு, பட்டறைக்குப் போய், கலப்புப் பாகங்களோடு திரும்பி வந்த ஒன்றைக் கலைத்துக் 'காலமொத்ததாக' ஆக்கினால் அதன் உண்மையான வரலாறு அழிந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. அதனால் காலமொத்த என்ற சொல்லை அசல் என்பதற்கு மாற்றாக யாரும் எழுதக் கூடாது, விளக்கத்திலேயே இதைச் சேர்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் கைப்பற்றிய துப்பாக்கியைப் பைக்குள் அடக்க, குழலைச் சுற்றிய உலோகப் பட்டைக்கு அடியில் துப்பாக்கியின் மரக்கட்டையை அறுத்தார்கள். பட்டையை மாட்டினால் வெட்டு மறைந்துவிடும். எண்கள் அத்தனையும் ஒத்திருக்கும், கட்டை இரண்டு துண்டு. 'பட்டையடி வெட்டு' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.