0.22 தானே என்று ஹட்டனுக்குக் கிளம்பினேன்

விண்கலம் ஓட்டும் கணினி விளையாட்டான எலைட் டேஞ்சரஸில் விண்வெளி ஸ்டேஷன்களிடம் அடி வாங்காதவர் யாருமில்லை. என் முதல் அடி கொரியோலிஸ் என்ற வகை ஸ்டேஷனில். சுழன்றுகொண்டே இருக்கும் அந்தப் பெரிய கட்டடத்துக்குள் நுழைய ஒரே ஒரு நீள்சதுர வாய்தான் உண்டு, தபால்பெட்டிக்கு இருப்பதுபோல. உள்ளே போகிறவர்கள் பச்சை விளக்கை வலப்பக்கம் வைத்துப் போக வேண்டும். எனக்கு அது தெரியாது. சிவப்புப் பக்கமாக நுழைந்தேன், எதிரே டைப்-9 என்ற பெரிய சரக்குக் கப்பல் வெளியே வந்தது. மாட்டுவண்டிமேல் லாரி ஏறிய கதைதான். நல்லவேளை, என்னுடையது சைட்வைண்டர், ஆட்டம் தொடங்கும்போது தரும் குட்டிக் கப்பல். அது போனால் புதிதாக ஒன்று இலவசமாகவே கிடைக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஹட்டன் ஆர்பிட்டல் என்ற ஸ்டேஷனைப் பற்றி. கூட விளையாடும் ஒருவர், "ஆல்ஃபா சென்டாரி விண்மீனுக்குப் போ, ஹட்டனில் அனகோண்டா என்ற பெரிய கப்பலைச் சும்மா தருகிறார்கள்" என்றார். போனேன். வழக்கமாக ஸ்டேஷன்களின் தூரம் ஒளிவினாடியில் இருக்கும், முந்நூறு, ஐந்நூறு என்று. இதற்கு 0.22 என்று காட்டியது. அட, பக்கத்திலேயே இருக்கிறதே என்று நினைத்தேன். பின்னால் இருந்த அலகைப் பார்க்கவில்லை. அது ஒளியாண்டு!

முடுக்கியை முழுதாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். வேகம் ஏறி ஏறி ஒளியைப்போல் 2001 மடங்கில் நின்றுவிட்டது, அதற்கு மேல் ஏறவில்லை. ஒன்றரை மணி நேரம் நேர்கோட்டில் பயணம், சுற்றிலும் வெறும் இருட்டு. நடுவில் எழுந்துபோய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்தேன், காட்சி மாறவே இல்லை. எரிபொருள் மட்டும் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. சின்ன டேங்க்கோடு வந்து பாதி வழியில் நின்றுபோகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஃபியூயல் ராட்ஸ் என்ற தன்னார்வ ஆட்டக்காரர்கள்தான் கதி. இவ்வளவு தூரம் வந்து ஒருவர் டேங்க்கை நிரப்பிவிட்டுப் போகிறார் என்பதே பெரிய விஷயம்.

கடைசி ஏழு வினாடியில் முடுக்கியை முக்கால் அளவுக்குக் குறைக்காவிட்டால் ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விடுவீர்கள். நான் தாண்டினேன், திரும்பிப் பிடிக்க இன்னும் சில நிமிடம். அப்புறம் 7.5 கிலோமீட்டருக்குள் வந்து, அனுமதி கேட்டு, என் நடுத்தரச் சரக்குக் கப்பலான டைப்-6ஐ இறக்கினேன். அனகோண்டா எங்கே? அதை இறக்கும் அளவுக்குப் பெரிய தளமே ஹட்டனில் கிடையாது! இருப்பது நடுத்தரத் தளம் வரைதான். நிஜ அனகோண்டாவிலேயே வந்தாலும் வெளியே தொங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கையோடு ஹட்டன் மக் என்ற குவளைகள் சிலவற்றை வாங்கினேன், அங்கே மட்டும் கிடைக்கும் சரக்கு. தூரத்தில் கொண்டுபோய் விற்றால் நல்ல விலை. எல்லாவற்றையும் விற்றுவிட்டேன், ஒரே ஒரு டன் தவிர. கப்பல் மாற்றும்போதெல்லாம் அதையும் கூடவே ஏற்றிக்கொண்டு அலைகிறேன்.