மறுமொழி: பூட் – தொடக்கமா, பூட்டா, மூட்டலா?

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

குடியாத்தம் தம்பியின் கணினி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சரியாகிவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவிட்சைப் போட்டதும் கணினி விண்டோஸ் போன்ற இயங்குதளத்தைக் கிளப்புவதை ஆங்கிலத்தில் பூட் என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல் என்று ஒரு வாரமாக நாம் பேசிக்கொண்டிருப்பது அந்தக் கணினியிலிருந்துதான் கிளம்பியது. தம்பியின் முதல் கடிதம் நினைவிருக்கும்:

> புதிதாகக் கணினி அசெம்பிள் செய்தேன். இன்ஸ்டலேஷன் டிவிடி போட்டும் தொடங்கவில்லை. என்ன செய்வது?

"தொடங்கவில்லை" என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு நாம் ஆறு பேர் பதில் எழுதினோம். ராம் என்ற நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிப்பானால் துடைத்துப் போடு என்று எழுதியவன் நான்தான். பிராசஸருக்குத் தனியாகப் போகும் மின்வயரைப் பார் என்றார் ஒருவர். மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் போயிருக்கும் என்றார் இன்னொருவர். தம்பி எல்லாவற்றையும் செய்தான். ராமை மூன்று முறை கழற்றி மாட்டினான். எஸ்எம்பிஎஸ்ஸைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வேலூருக்கு வந்து, கடையில் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று திரும்பக் கொண்டுபோனான். இரண்டு நாள் போய்விட்டது. விசிறி சுற்றுகிறது, திரை வருகிறது என்பதை அவன் எழுதவில்லை. நாமும் கேட்கவில்லை. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். அவனுக்கு நாம் பதில் சொன்னது வேறு ஏதோ ஒரு நோய்க்கு.

நேரில் போய் சுவிட்சைப் போட்டேன். ஒரு குட்டி பீப். தயாரிப்பாளர் சின்னம் வந்து போனது. அப்புறம் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி: "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்". பாருங்கள், கணினியே சொல்லிவிட்டது: என் உடம்பு நன்றாக இருக்கிறது, ராம் சரி, மின்சாரம் சரி, அடுத்து யாரிடம் வேலையை ஒப்படைப்பது என்றுதான் தெரியவில்லை. இந்தத் திரை வந்த பிறகு ராமையோ எஸ்எம்பிஎஸ்ஸையோ கழற்றத் தேவையில்லை.

டெலீட் விசையை அழுத்திக் கணினியின் அமைப்புத் திரைக்குள் போனோம். டிவிடி டிரைவின் பெயர் பட்டியலில் இருந்தது, ஆகவே அதை இணைக்கும் சாட்டா வயரும் சரி. எதிலிருந்து கிளம்புவது என்ற வரிசையில் ஹார்டு டிஸ்க் முதலில் இருந்தது. டிவிடியை மேலே ஏற்றிச் சேமித்தோம். டிரைவின் விளக்கு கண் சிமிட்டியது, வட்டு கரகரவென்று சுற்றியது, நின்றது. மறுபடியும் அதே வெள்ளை வரி.

வட்டை வெளியே எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகத் திருப்பிப் பார்த்தேன். உள் வட்டத்திலிருந்து பாதிக்கு மேல் நிறம் மாறியிருந்தது. எழுதப்பட்ட வட்டு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு தம்பியின் அக்காவுடைய லேப்டாப்பில் போட்டுத் திறந்தோம். உள்ளே ஒரே ஒரு கோப்பு, ஐஎஸ்ஓ என்று முடியும் பெயரோடு.

சரி, புரிந்துவிட்டது. இறக்கிய கோப்பைத் தம்பி அப்படியே வட்டில் நகல் எடுத்து வைத்திருக்கிறான். அரிசி மூட்டையைப் பிரிக்காமலே உலையில் வைத்த மாதிரி. ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு வட்டின் அச்சு. அதை ஒரு கோப்பாகப் போட்டுவைக்காமல், எந்தச் செக்டரில் எது இருக்க வேண்டுமோ அந்தச் செக்டரில் வரும்படி எழுத வேண்டும். எழுதும் மென்பொருளில் அதற்கென்று தனி வழி உண்டு. ஏன் என்றால், வட்டு 2048 பைட்டு கொண்ட செக்டர்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 16ஆம் செக்டரில் வட்டின் பெயரும் விவரமும் இருக்கும். 17ஆம் செக்டரில்தான், இந்த வட்டிலிருந்து கணினியைக் கிளப்பலாம், அதற்கான நிரல் இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் குறிப்பு இருக்க வேண்டும். 1995இல் வந்த எல் டொரிட்டோ என்ற வரையறை இப்படி வகுத்தது. தம்பியின் வட்டில் அந்தக் குறிப்பு இல்லை. அது ஐஎஸ்ஓ கோப்பின் வயிற்றுக்குள் எங்கோ கிடந்தது.

வேறு ஒரு வட்டில் முறைப்படி எழுதினோம். இந்த முறை "ஏதாவது ஒரு விசையை அழுத்து" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. நாங்கள் அதைப் படித்து முடிப்பதற்குள் போய்விட்டது. சில நொடிதான் நிற்கும். அடுத்த தடவை தம்பி ஸ்பேஸ் விசையில் விரலை வைத்துக்கொண்டே காத்திருந்தான். எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் எஃப்12 பட்டியலில் அதே டிரைவ் இரண்டு பெயரில் தெரிந்தது. யூஇஎஃப்ஐ (கணினியைக் கிளப்பும் புதிய முறை) என்று முன்னால் போட்டிருந்ததைத் தேர்ந்தெடுத்தோம், விண்டோஸ் நிறுவல் ஓட ஆரம்பித்தது. அம்மா காபி கொண்டுவந்து வைத்தது அப்போதுதான் கண்ணில் பட்டது, ஆறிப்போயிருந்தது.

இனி சொல்லுக்கு வருகிறேன்.

பூட் என்பதற்குத் "தொடக்கம்" போதும் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். போதாது என்பதற்கு மேலே சொன்ன இரண்டு நாள்தான் என் சான்று. சுவிட்சைப் போட்டு விசிறி சுற்றாவிட்டாலும் "தொடங்கவில்லை". திரை வராவிட்டாலும் "தொடங்கவில்லை". வட்டைக் கண்டுகொள்ளாவிட்டாலும், விண்டோஸ் பாதியில் நின்றாலும் அதே சொல். ஒரு செயலியைத் திறப்பதற்கும் தொடங்கு, திரை மூலையில் இருக்கும் ஸ்டார்ட் பொத்தானுக்கும் தொடங்கு. இத்தனையையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்றினால் நோய் எங்கே என்று எப்படிச் சொல்வது? "துவக்கு" என்று மாற்றினாலும் பொருள் அதேதான். தவிர, ஈழத்து நண்பர்களுக்குத் துவக்கு என்றால் துப்பாக்கி. "எழுப்பு" நன்றாக இருக்கிறது, ஆனால் உறக்க நிலையில் இருக்கும் கணினியை எழுப்புவதற்கு அது வேண்டும். அங்கே அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

அணைக்கட்டு ஐயா எழுதியது என்னை ஒரு நாள் முழுக்க யோசிக்க வைத்தது:

> சித்திரையில் முதல் உழவுக்குப் பொன்னேர் பூட்டுவோம். கிணற்றுத் தண்ணீரைக் கவலையால் இறைக்க மாடு பூட்டுவோம். பூட்டினால்தான் வேலை நகரும். பூட் என்ற ஒலியும் கூடவே வருகிறது. ஏன் விட வேண்டும்?

ஐயா, இதுவரை வந்ததில் அழகான யோசனை உங்களுடையதுதான். ஆங்கிலச் சொல்லின் ஒலிக்குப் பக்கத்திலேயே நம் வயலில் ஒரு வினை இருப்பது எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? ஆனால் "கணினியைப் பூட்டிவிட்டு வந்தேன்" என்று நான் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? திரையைப் பூட்டிவிட்டேன் என்றுதான். கைபேசி வேலை செய்யும் பிள்ளைகள், இயங்குதளத்தைக் கிளப்பும் சிறு நிரலான பூட்லோடரை அன்லாக் செய்வதாகச் சொல்வார்கள். அதைத் தமிழில் எழுதினால் "பூட்டியின் பூட்டைத் திறப்பது" என்று வரும். படிக்கிறவர் அங்கேயே நின்றுவிடுவார். இந்த ஒன்றுக்காகத்தான் மனமில்லாமல் விடுகிறேன்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஆம்பூர் நண்பர் விளக்கியிருந்தார். பூட்ஸின் மேல்விளிம்பில் இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு தோல் காது இருக்கும், அதைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்ற உவமை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்கள் அந்தக் காதைத் தினமும் கையால் தொடுகிறவர்கள்தான். ஆனாலும் அந்த உவமை நம் பேச்சில் இல்லை. நமக்கு வேண்டியது அதன் கருத்து: சின்னதொன்று தன்னைவிடப் பெரியதைக் கிளப்புகிறது.

அதற்கு நம் வீட்டில் ஒரு வினை இருக்கிறது. மூட்டு. அடுப்பு மூட்டு, தீ மூட்டு. என் அத்தை மூட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வேலங்கட்டையில் நேராகக் குச்சியைக் கிழித்து வைத்தால் பிடிக்காது. முதலில் காய்ந்த சருகும் தேங்காய் நாரும். அதன்மேல் சுள்ளி. சுள்ளி சடசடத்த பிறகு கட்டை. ஊதாங்குழலால் இரண்டு ஊது. கணினிக்குள் நடப்பதும் இதேதான். பழைய முறை ஹார்டு டிஸ்க்கில் முதல் செக்டர் 512 பைட்டு. அதில் 64 பைட்டு, டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணைக்கு, கடைசி 2 பைட்டு அடையாளத்துக்கு, மீதி 446 பைட்டுதான் நிரலுக்கு. இந்தக் கடிதத்தின் ஒரு பத்தி அளவுகூட இல்லாத அந்த 446 பைட்டு, தன்னைவிடப் பெரிய இன்னொரு நிரலைக் கிளப்பும். அது முழு இயங்குதளத்தையும் கிளப்பும். சருகு, சுள்ளி, கட்டை.

இன்னொரு வசதி, மூட்டு என்பதற்குத் தன்வினையும் உண்டு. தீ மூண்டது, போர் மூண்டது என்கிறோமே, அந்த மூள். ஆகவே நான் கணினியை மூட்டினேன், கணினி மூண்டது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், தமிழில் பிரித்தே சொல்லலாம். மூட்டல் வரிசை, மூட்டல் பட்டியல், மறுமூட்டல், இரட்டை மூட்டல் எல்லாம் சிரமமில்லாமல் வருகின்றன. பூட்லோடருக்கு மூட்டி. சுவிட்சை அணைத்துப் போடுவதையும், அணைக்காமலே மறுபடி கிளப்புவதையும் ஆங்கிலத்தில் குளிர், சூடு என்று பிரிக்கிறார்கள். நமக்குக் கங்கு இருக்கிறது. சாம்பலைக் கிளறிக் கங்கிலிருந்து மூட்டுவது கங்குமூட்டல், ஆறிய அடுப்பில் புதிதாக மூட்டுவது புதுமூட்டல்.

எதிர்க்கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

வேலூரிலிருந்து

——

மறுமொழி: மறுமொழி: பூட் – தொடக்கமா, பூட்டா, மூட்டலா?

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளில் வந்த கடிதங்களைப் படித்துவிட்டேன். நான்கு விஷயங்களுக்கு மட்டும் பதில்.

மருத்துவமனையில் வேலை பார்க்கும் அக்கா கேட்டது நியாயம். நம் ஊருக்கு எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வருகிறார்கள். இங்கே மூட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது முழங்கால்தான். "மூட்டுவட்டு" என்று நான் வேறொரு இழையில் எழுதியதை அக்கா எலும்பு சம்பந்தப்பட்டது என்றே நினைத்துத் திறந்தாராம். அந்தச் சொல்லை எடுத்துவிடுகிறேன். பெயர்ச்சொல் வரும் இடங்களில் "மூட்டு" என்று தனியாக நிறுத்தாமல் "மூட்டல்" என்றே எழுதுவோம். தம்பியிடம் முதலில் இருந்தது மூட்டவியலா வட்டு, இப்போது இருப்பது மூட்டவல்ல வட்டு. இதில் முழங்கால் வராது.

சண்டை மூட்டுவது, கோள் மூட்டுவது என்றும் சொல்கிறோமே, கெட்ட வாடை அடிக்காதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எதை மூட்டுகிறோம் என்பதை முன்னால் வரும் சொல்லே காட்டிவிடுகிறது. அடுப்பு மூட்டியாயிற்றா என்று கேட்டால் யாரும் கலவரத்தை நினைப்பதில்லை. இன்னொருவர், யூஇஎஃப்ஐ வந்த பிறகு 446 பைட்டுச் சருகுக்கு வேலையில்லை, கேஸ் அடுப்பை யாரும் மூட்டுவதில்லை, பற்றவைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். உண்மை, யூஇஎஃப்ஐ அந்தச் செக்டரை நம்புவதில்லை. இஎஃப்ஐ என்ற அடைவுக்குள் போய் ஒரு கோப்பைத் தேடி எடுக்கிறது. ஆனால் அந்தக் கோப்பும் ஒரு மூட்டிதான், அதுவும் தன்னைவிடப் பெரியதைத்தான் கிளப்புகிறது. சருகு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

உண்மையான சிக்கல் தம்பி போனில் சொன்னதுதான். "கணினி மூளல" என்று அவன் நண்பனிடம் சொல்ல, அவன் காதில் "மூளை இல்லை" என்று விழுந்திருக்கிறது. எழுதும்போது மூளவில்லை தெளிவாக இருக்கிறது, பேசும்போது இல்லை. இதற்கு நானாக எதையும் கட்ட வேண்டாம் என்று அத்தையிடம் கேட்டேன். ஈர விறகை வைத்தால் என்ன சொல்வீர்கள் என்றேன். "அடுப்பு பிடிக்கல" என்றார் உடனே. பேச்சில் "மூட்டல் பிடிக்கல", எழுத்தில் "மூட்டல் பிடிக்கவில்லை". மூண்டது என்ற உடன்பாட்டு வடிவத்தில் குழப்பம் இல்லை, அது அப்படியே இருக்கட்டும்.

கணினி தன் உறுப்புகளைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் முதல் கட்டத்துக்குத் தற்சோதனை என்பதை யாரும் மறுக்கவில்லை. நிறுவல் வழிகாட்டியின் முதல் பக்கத்தில் இந்தச் சொற்களைப் போட்டு ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். கங்குமூட்டலைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை, பிடிக்கவில்லை என்றால் அதற்குள் சொல்லிவிடுங்கள்.

தம்பி, உனக்கு ஒரு வேலை. உன் முதல் கேள்வியை இன்னொரு தடவை அனுப்பு, தலைப்பை மட்டும் மாற்றி: "தற்சோதனை சரி, டிவிடியிலிருந்து மூட்டல் பிடிக்கவில்லை". கீழே, வட்டில் ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் இருந்ததையும், எப்படித் திரும்ப எழுதினோம் என்பதையும் உன் சொல்லிலேயே எழுதிவிடு. அடுத்து யாராவது தேடினால் ராமைக் கழற்றுவதற்கு முன்னால் அது கண்ணில் பட வேண்டும்.

வேலூரிலிருந்து