காரின் துணிக்கூரை தைக்க நல்ல நூல் எங்கே கிடைக்கும்?

வணக்கம். என் தம்பியின் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5, துணிக்கூரை வண்டி. துணி நன்றாகத்தான் இருக்கிறது. பின்கண்ணாடி ஓரத்தில் தையல் விட்டுவிட்டது. நகத்தால் நெருடினால் நூல் பொடியாக உதிர்கிறது. வீட்டு புளோக் பக்கத்தில் திறந்தவெளி கார்பார்க், வெயிலும் மழையும் மாறி மாறி அதன் தலையில்தான்.

பருத்தி நூல் வேண்டாம், மட்கிவிடும். நைலானும் வெயிலில் வலுவிழக்கும். பூச்சுள்ள பாலியஸ்டர் நூல், முடிந்தால் பிடிஎஃப்இ (டெஃப்லான்) நூல், சின்ன உருளையாக எங்கே வாங்கலாம்?

பழைய ஊசித் துளைகளிலேயே கையால் தைக்கப்போகிறேன். புதுத் துளை போட்டால் அது வழியாகவும் தண்ணீர் இறங்கும். சிங்கப்பூரில் உபி, சின் மிங் பக்கம் கார் சீட் தைக்கும் அண்ணன்மார் இருந்தால், தையல்மேல் என்ன பூசினால் கசியாது என்று தயவுசெய்து சொல்லுங்கள். வளைந்த ஊசி இரவல் கிடைத்தாலும் பெரிய உதவி.