காற்றுக் கசிவா, வளிப்போக்கா, அழுத்த இழப்பா? ஏர் பிரேக் கையேட்டுக்குச் சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினர்க்கு வணக்கம். டிரெய்லர் லாரி ஓட்டக் கற்பவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏர் பிரேக் அத்தியாயத்தில் ஒரு சோதனையில் நின்றுவிட்டேன். காற்று டேங்க் நிரம்பியதும் எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, பெடலைத் தொடாமல், காற்றழுத்தம் காட்டும் கேஜைப் பார்க்க வேண்டும். அமெரிக்க ஓட்டுநர் தேர்வில், டிரெய்லர் கோத்த வண்டிக்கு அழுத்தம் நிமிடத்துக்கு 3 பிஎஸ்ஐக்கு (அழுத்த அலகு) மேல் குறையக் கூடாது. அப்புறம் பெடலை மிதித்துப் பிடித்து, முதலில் சட்டென்று இறங்குவதைக் கணக்கில் சேர்க்காமல், இன்னொரு நிமிடம். அதில் 4 வரை குறையலாம். இவற்றுக்கு ‘நிலைக்கசிவு’, ‘இயக்கக்கசிவு’ என்று வைத்திருக்கிறேன். சரிவருமா?

தமிழாசிரியர்:
அம்மா, ‘நிலைக்கசிவு’ எப்போதும் ஓயாத கசிவு என்றே பொருள்படும். அதற்கும் முன்னால் ஒரு தடை: கசிதல் ஈரத்தின் தொழில். ‘காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி’ என்ற இடத்தில் கசிவுக்கு அடுத்த சொல்லே கண்ணீர்தான். காற்று எப்படிக் கசியும்? ‘காற்று’ என்பதையும் விட்டுவிடலாம். ‘வளிதொழில் ஆண்ட உரவோன் மருக’ என்கிறது புறநானூறு 66. காற்றை வேலைவாங்கிக் கலம் செலுத்தியதைச் சொல்ல வெண்ணிக்குயத்தியார் எடுத்த சொல் வளி. இங்கும் காற்று வேலைதானே செய்கிறது? ‘வளிப்போக்கு’ என் பரிந்துரை.

பட்டறை நடத்துபவர்:
ஐயா, வளி என்றால் எனக்கு ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்ற குறள்தான் நினைவுக்கு வருகிறது; அங்கே வளி என்பது வாத, பித்த, கபங்களில் ஒன்றான வாதம். ஓட்டுநர்கள் சொல்வது ‘காத்து இறங்குது’. இரவு நிறுத்திய வண்டி காலையில் கேஜ் சுழியத்தில் நின்றால் அவர்கள் வாயில் வருவது அதுதான். அதையே ஏன் எழுதக் கூடாது?

தமிழாசிரியர்:
இறங்குவது கேஜின் முள். காற்று வெளியேறுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

இயந்திரவியல் கற்பிப்பவர்:
ஐயா கடைசியாகச் சொன்னதைத்தான் நான் பிடித்துக்கொள்ள விரும்புகிறேன். கேஜில் தெரிவது இழப்பு. ஓட்டையில் நடப்பது கசிவு. பழுது பார்ப்பதே முதலாவதிலிருந்து இரண்டாவதைத் தேடிப் போவதுதான். மிதிக்கும்போது மட்டும் வேகமாக இறங்கினால் சர்வீஸ் லைன் (மிதித்தால் காற்று போகும் குழாய்), பிரேக் சேம்பரின் (காற்று பிரேக்கைத் தள்ளும் அறை) டயாஃப்ரம், அதன் ஹோஸ் என்று தேடுவோம். டிரெய்லருக்குக் காற்று அனுப்பும் சப்ளை வால்வை மூடியதும் இறக்கம் நின்றால் ஓட்டை டிரெய்லர் பக்கம். இதை எழுத இரண்டு சொல்லும் வேண்டும். சோதனைகளுக்கு ‘விடுநிலை இழப்பு’, ‘மிதிநிலை இழப்பு’ என்று வைக்கலாம். இரண்டும் வினைத்தொகை, ஐயாவுக்கும் உவப்பாக இருக்கும்.

கசிவுக்கு ஈரம் வேண்டும் என்பதை ஏற்க முடியவில்லை. 1984இல் போபாலில் நடந்ததை எல்லாப் பத்திரிகைகளும் விஷவாயுக் கசிவு என்றே எழுதுகின்றன. உள்ளம் கசிகிறதே, அதில் ஏது ஈரம்?

தமிழாசிரியர்:
உள்ளம் கசிவது உருவகம். உருவகத்தை வைத்து வால்வைக் கழற்ற முடியாது. வினைத்தொகைகள் நன்று. ஆனால் ‘அழுத்த இழப்பு’ என்று பிரித்தே எழுதுங்கள். புணர்த்தி ‘அழுத்தவிழப்பு’ என்றால் கண் அதில் ‘அவிழ்ப்பு’ என்று படிக்கும்.

பட்டறை நடத்துபவர்:
இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சோப்புத் தண்ணீர் அடித்து நுரை பார்க்கிறோம். பெடலை மிதித்ததும் சேம்பர்களுக்குக் காற்றை விடும் ரிலே வால்வின் வெளியேற்றும் வாயில் நுரைக்கிறது. புதியவர்கள் உடனே ரிலே வால்வை மாற்றிவிடுவார்கள். ஆனால் பார்க்கிங் பிரேக்குக்கான ஸ்பிரிங்கும் சேர்ந்திருக்கும் ஸ்பிரிங் பிரேக் சேம்பரின் நடு சீல் தேய்ந்திருந்தாலும், ஸ்பிரிங் பக்கத்துக் காற்று சர்வீஸ் லைனுக்குள் புகுந்து அதே வாய் வழியாக வரும். பார்க்கிங் பிரேக்கைப் போட்டால் ஸ்பிரிங் பக்கத்துக் காற்று போய்விடும்; அப்போது நுரை நின்றால் முதலில் சேம்பரைத்தான் சந்தேகப்பட வேண்டும். ‘கசிவிடம்’ என்று எழுதினால் எந்த இடம், சீலா வாயா? வீணாக ஒரு வால்வு போகும்.

மொழிபெயர்ப்பாளர்:
இது என் வரைவில் இல்லவே இல்லை, நன்றி. சத்தம் வருமிடம் ‘கசிவாய்’, ஓட்டை இருக்குமிடம் ‘கசிமூலம்’. ஒத்துக்கொள்வீர்களா?

இயந்திரவியல் கற்பிப்பவர்:
கசிமூலம் சரி. ‘கசிவாய்’ ஏவல் வினைபோல, ‘நீ கசிவாய்’ என்று ஒலிக்கிறது. ‘வெளிவாய்’ என்று வையுங்கள்.

தமிழாசிரியர்:
அது ஏவல் அன்று, முன்னிலை எதிர்கால வினைமுற்று. ஆனால் வெளிவாய் நல்ல சொல்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி. இழப்பு, கசிவு, கசிமூலம், வெளிவாய். முன்னொட்டாக விடுநிலை, மிதிநிலை. காற்று காற்றாகவே இருக்கும். பெரும்பாலோர் இதற்கு உடன்படுவதால் இப்படியே அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள் அம்மா, தடுக்கவில்லை. சொல்லடைவில் ‘காற்று’க்கு எதிரே ‘வளி’ என்றும் ஒரு வரி போடுங்கள். கசிவு பற்றிய என் மறுப்பு நிற்கிறது. ஈரமில்லாத கசிவுக்குச் சங்க நூல்களில் சான்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எழுதுகிறேன்.